கைப்பேசிக்குள் வரும் பல்கலைக்கழகம்: கற்றல் தளத்தை எப்படித் திட்டமிட வேண்டும்?

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்ததும் வீட்டில் முதலில் பேசப்படுவது கட்டணம், தங்கும் விடுதி, பிடிபிடிஎன் கடனுதவி ஆகியவைதான். பெட்டி வாங்குவதும் பேருந்து டிக்கெட் எடுப்பதும் அதற்கு அடுத்து வரும். இந்தப் பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறாத ஒன்று இருக்கிறது. பதிவு முடிந்ததும் மாணவருக்கு ஒரு மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் கிடைக்கும். அவற்றைக் கொண்டு திறக்கும் இணையப் பக்கத்தில்தான் அடுத்த மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு அவருடைய பாடக் குறிப்பு, இடுபணி, புதிர்த் தேர்வு, மதிப்பெண் எல்லாம் இருக்கும். அதற்குப் பெயர் கற்றல் தளம்.

பல பாடங்களில் மொத்த மதிப்பெண்ணில் ஏறக்குறைய பாதி தொடர் மதிப்பீட்டின் மூலம் வருகிறது. அந்தப் பாதி இந்தத் தளத்தின் வழியாகத்தான் விரிவுரையாளரைச் சென்றடைகிறது. தளம் சரியாக இயங்கினால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. இயங்காத நாளில்தான், இரவெல்லாம் உட்கார்ந்து எழுதிய கட்டுரை 'தாமதம்' என்ற சிவப்புக் குறியுடன் நிற்கும்.

ஆகவே, ஒரு பல்கலைக்கழகம் புதிய கற்றல் தளத்தை எப்படித் திட்டமிட்டு நடைமுறைக்குக் கொண்டு வருகிறது என்பது கணினிப் பிரிவின் உள்விவகாரம் என்று விட்டுவிடக் கூடியதன்று. தோட்டத்திலும் பட்டணத்திலும் இருந்து பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்களும் அதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கற்றல் தளம் என்பது என்ன?

புலனக் குழுவும் ஸூம் வகுப்பும் கற்றல் தளம் அல்ல. புலனத்தில் செய்தி வரும், போகும். ஸூம், கூகிள் மீட் போன்றவை நேரடி வகுப்புக்கான கருவிகள். கற்றல் தளமோ ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் அறை ஒதுக்கி வைத்திருக்கும் கட்டடம் போன்றது. அந்த அறைக்குள் வாரவாரியாகக் குறிப்புகள் அடுக்கப்பட்டிருக்கும். இடுபணியைப் போடுவதற்கு ஒரு பெட்டி இருக்கும். யார் எப்போது வந்தார், எந்தக் கோப்பை எத்தனை மணிக்கு அனுப்பினார் என்பதெல்லாம் நொடிக்கணக்கில் பதிவாகும்.

ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் தளத்துக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் அது ஸ்பெக்ட்ரம். சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் மைகுரு. புத்ரா பல்கலைக்கழகத்தில் புத்ராபிளாஸ்ட். தேசியப் பல்கலைக்கழகத்தில் யுகேஎம்ஃபோலியோ. சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் என்டியுலேர்ன்.

பெயர்கள் வேறு வேறாக இருந்தாலும், உள்ளே இயங்கும் மென்பொருள் பெரும்பாலும் சில வகைகளுக்குள் அடங்கிவிடும். பிளாக்போர்ட், கேன்வாஸ் ஆகியவை நிறுவனங்கள் விற்கும் தளங்கள். மூடல் என்பது யாரும் இலவசமாக எடுத்துத் தங்கள் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளக் கூடிய திறந்த மென்பொருள். ஸ்பெக்ட்ரம் அந்த மூடலின் மேல் கட்டப்பட்டது.

மூடலின் பிறப்புக்கு ஒரு பின்னணி உண்டு. அதை உருவாக்கிய மார்ட்டின் டூகியமாஸ், மேற்கு ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில், பள்ளிக்கூடமே பக்கத்தில் இல்லாத இடத்தில் வளர்ந்தவர். சிறுவயதில் அவர் வானொலி வழியாகப் பாடம் படித்தார். ஆசிரியர் எங்கோ தொலைவிலிருந்து பேசுவார், பிள்ளைகள் வானொலிக் கருவியின் முன் உட்கார்ந்து பதில் சொல்வார்கள். அவர் பின்னாளில் பெர்த் நகரில் உருவாக்கிய மூடல் 2002ஆம் ஆண்டில் வெளிவந்தது. தொலைவில் இருக்கும் மாணவனின் நிலையை நேரில் அறிந்த ஒருவரிடமிருந்து வந்த மென்பொருள் அது.

நம் நாட்டில் வந்த வழி

தொலைவிலிருந்து படிப்பது மலேசியாவுக்குப் புதிதல்ல. பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971ஆம் ஆண்டிலேயே வளாகத்துக்கு வெளியே இருந்து பட்டம் படிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. வேலைக்குப் போய்க்கொண்டே படித்த ஆசிரியர்கள் பலருக்கு அத்தகைய திட்டங்கள் கைகொடுத்தன. 2000ஆம் ஆண்டில் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அமைக்கப்பட்டது. 2006இல் பினாங்கில் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது.

2011ஆம் ஆண்டில் உயர்கல்வி அமைச்சு தேசிய மின்கற்றல் கொள்கையை அறிமுகப்படுத்தியது. 2014இல் நான்கு பொதுப் பல்கலைக்கழகங்கள் ஆளுக்கொரு பாடமாகத் திறந்த இயங்கலைப் பாடங்களைத் தொடங்கின. புத்ரா பல்கலைக்கழகம் இஸ்லாமிய, ஆசிய நாகரிகப் பாடத்தையும், தேசியப் பல்கலைக்கழகம் இன உறவுகள் பாடத்தையும் எடுத்துக்கொண்டன. 2015இல் வெளியான உயர்கல்விப் பெருந்திட்டம், 70 விழுக்காட்டு வரையிலான கல்வித் திட்டங்கள் நேரடி வகுப்பையும் இயங்கலை வகுப்பையும் கலந்து நடக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது.

ஏட்டளவில் எல்லாம் இருந்தது. தளம் இருந்தது, கொள்கை இருந்தது, விழுக்காடும் இருந்தது. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோதுதான் எது இல்லை என்பது தெரிந்தது.

மே 27ஆம் நாள், அந்த ஆண்டு இறுதி வரை பல்கலைக்கழக வகுப்புகள் பொதுவாக இயங்கலையில்தான் நடக்கும் என்று உயர்கல்வி அமைச்சு அறிவித்தது. அடுத்த மாதமே சபாவின் பித்தாஸ் பகுதியைச் சேர்ந்த ஒரு மாணவியின் காணொளி நாடு முழுவதும் பரவியது. மலேசிய சபா பல்கலைக்கழகத்தின் அடித்தளக் கல்வி மாணவியான அவர், தேர்வு எழுத அலைவரிசை தேடி மரத்தின் மேல் ஏறி ஒரு நாள் முழுக்கத் தங்கியிருந்தார். மாணவியிடம் கைப்பேசி இருந்தது, பல்கலைக்கழகத்திடம் தளம் இருந்தது. இரண்டையும் இணைக்கும் வழி மட்டும் அந்த வீட்டில் இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நாளொன்றுக்கு 1 ஜிபி இலவசத் தரவு வழங்கின. காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை அதைப் பயன்படுத்தலாம். நல்ல உதவிதான். ஆனால், இடுபணிகளை அனுப்புவதற்கான கெடுவோ பெரும்பாலும் நள்ளிரவு 11.59. உதவி செய்தவர்களும் கெடு வைத்தவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியிருந்தால் கெடுவை மாலை 5 மணிக்கு மாற்றியிருக்கலாம். அதற்கு ஒரு காசு செலவில்லை. வசதி குறைந்த மாணவர்களுக்குக் கருவி வழங்கும் பெராந்திசிஸ்வா திட்டம் 2022ஆம் ஆண்டில்தான் வந்தது.

திட்டமிடல் என்று சொல்வது இந்த மாதிரி விஷயங்களைத்தான். எந்த மென்பொருளை வாங்குவது என்பது அதில் ஒரு பகுதி மட்டுமே.

முதலில் மாணவரைக் கணக்கெடுக்க வேண்டும்

நல்ல திட்டம் மாணவர் பட்டியலிலிருந்து தொடங்கும். எத்தனை பேரிடம் மடிக்கணினி இருக்கிறது? எத்தனை பேர் கைப்பேசியை மட்டும் நம்பியிருக்கிறார்கள்? வீட்டில் கம்பிவழி இணையம் உண்டா, முன்கட்டணச் சிம் அட்டையா? ஒரே கைப்பேசியை அண்ணனும் தங்கையும் பகிர்ந்துகொள்கிறார்களா? விடுமுறையில் எந்த ஊருக்குத் திரும்பிப் போகிறார்கள்?

கணக்கெடுப்பு நடத்தும் விதத்திலேயே ஒரு தவறு நுழைந்துவிடுவதுண்டு. இணையப் படிவத்தை அனுப்பி, "உங்களுக்கு இணைய வசதி இருக்கிறதா?" என்று கேட்டால், இணையம் இருப்பவர்கள்தான் பதில் சொல்வார்கள். பதில் சொல்லாதவர்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்க வேண்டும். யாருக்காகக் கணக்கெடுக்கிறோமோ, அவர்கள் அந்தப் பதில் வராத பட்டியலில்தான் இருப்பார்கள்.

அடுத்தது தரவுக் கணக்கு. ஒரு மாணவருக்கு வாரத்துக்கு ஐந்து பாடம், பாடத்துக்கு இரண்டு மணி நேரக் காணொளி வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 10 மணி நேரம். காணொளி வகுப்புக்கு மணிக்கு அரை ஜிபி என்று குறைவாகவே கணக்கிட்டாலும் வாரத்துக்கு 5 ஜிபி. 14 வாரங்கள் கொண்ட ஒரு பருவத்துக்கு 70 ஜிபி. வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்றால் 140 ஜிபி. முன்கட்டணச் சிம் அட்டையில் வாராவாரம் பணம் போடும் குடும்பத்துக்கு இது சிறிய தொகையல்ல.

அதே ஒரு மணி நேர விரிவுரையைக் குரல் பதிவாக மட்டும் போட்டால் ஏறக்குறைய 30 எம்பி போதும். எழுத்துக் குறிப்பு 20 பக்கம் என்றால் பெரும்பாலும் 1 எம்பிக்குள் அடங்கும். ஆகவே திட்டமிடுபவர்கள் வகுக்க வேண்டிய விதி எளிதானது. காணொளி இருக்கட்டும், ஆனால் அதைப் பார்க்க முடியாதவர் குரல் பதிவையும் குறிப்பையும் கொண்டே அந்த வாரப் பாடத்தை முடிக்கும்படி அமைத்துவிட வேண்டும். மூடல் போன்ற தளங்களின் கைப்பேசிச் செயலியில், அலைவரிசை கிடைக்கும் இடத்தில் பாடத்தைப் பதிவிறக்கிக்கொண்டு வீட்டில் இணையமின்றிப் படிக்கும் வசதி உண்டு. பட்டணத்துக்குப் போகும்போது பதிவிறக்கி, தோட்டத்தில் படிக்கலாம். விரிவுரையாளர் கோப்புகளை அதற்கேற்பப் போட்டிருந்தால்தான் அது பயன்படும்.

வாங்குவதா, கட்டுவதா?

தளத்தைத் தேர்ந்தெடுப்பதில் மூன்று வழிகள் உண்டு. பணம் கட்டி ஒரு நிறுவனத்தின் தளத்தைப் பெறலாம். பராமரிப்பு அவர்கள் பொறுப்பு; ஆண்டுதோறும் கட்டணம் உண்டு. இலவச மென்பொருளை எடுத்துத் தாங்களே நடத்தலாம். மென்பொருளுக்குக் காசில்லை, சர்வர் எனப்படும் வழங்கிகளுக்கும் அவற்றைக் கவனிக்கும் ஆள்களுக்கும் செலவு உண்டு. அல்லது தாங்களே ஒன்றை எழுதிக்கொள்ளலாம். முழுக்கத் தங்கள் விருப்பப்படி அமையும். எழுதியவர்கள் வேலை மாறிப் போனால் சிக்கல்.

எதுவும் நிரந்தரமில்லை என்பதற்குச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் நல்ல எடுத்துக்காட்டு. 1998இல் ஐவிஎல்இ என்ற தளத்தை அது தானே உருவாக்கியது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அது ஓடியது. பிறகு லூமிநஸ் வந்தது. 2022இல் கேன்வாஸுக்கு மாறத் தொடங்கினார்கள். வசதி மிகுந்த ஒரு கல்விக்கழகமே மாறிக்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே, புதுத் தளத்துக்குள் எப்படி நுழைவது என்று திட்டமிடும் நாளிலேயே, ஒரு நாள் அதிலிருந்து எப்படி வெளியேறுவது என்றும் எழுதி வைக்க வேண்டும். பழைய பாடங்களையும் மாணவர்களின் படைப்புகளையும் மதிப்பெண் பதிவுகளையும் வேறு தளத்துக்கு எடுத்துச்செல்ல முடியாத ஒப்பந்தம் மலிவாக வந்தாலும் பின்னால் விலை கொடுக்க வைக்கும்.

மாணவர்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. தளத்தில் இருப்பது நம் வீட்டு அலமாரியில் இருப்பது போலன்று. பருவம் முடிந்ததும் தேவையான குறிப்பையும் தம் இடுபணியையும் பதிவிறக்கித் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

பெயர் பட்டியலில் தொடங்கும் சிக்கல்

தளம் தனியாக இயங்குவதில்லை. மாணவர் பதிவு முறையுடன் அது இணைக்கப்பட்டிருக்கும். பதிவு முறையில் ஒரு மாணவர் ஒரு பாடத்தை எடுத்தால், இரவோடு இரவாக அந்தத் தகவல் தளத்துக்குப் போய், மறுநாள் காலையில் அந்தப் பாட அறை அவருக்குத் திறக்க வேண்டும். முதல் இரண்டு வாரங்களில் மாணவர்கள் பாடங்களைச் சேர்ப்பதும் விடுவதுமாக இருப்பதால், இந்த இணைப்புத்தான் அதிகம் சோதிக்கப்படும்.

சில கழகங்களில் கட்டணம் நிலுவையில் இருந்தால் பதிவு உறுதியாகாது. பதிவு உறுதியாகாவிட்டால் தளத்தில் பெயர் வராது. கடனுதவிப் பணம் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும் மாணவர், அதுவரை பாடக் குறிப்பைக்கூடப் பார்க்க முடியாமல் நிற்கிறார். கட்டணம் வேறு, கற்றல் வேறு. பணம் வந்துகொண்டிருக்கிறது என்பதற்குச் சான்று காட்டும் மாணவருக்குத் தற்காலிக அனுமதி கொடுக்கும் ஏற்பாட்டைத் திட்டத்திலேயே சேர்த்துவிட்டால், முகப்பிடத்தில் யாரும் கெஞ்ச வேண்டியிருக்காது.

முன்னோட்டத்தை எங்கிருந்து பார்ப்பது?

எந்தத் தளத்தையும் ஒரே நாளில் பல்கலைக்கழகம் முழுவதற்கும் திறந்துவிடக் கூடாது. ஒரு பருவம் சில பாடங்களில் மட்டும் நடத்திப் பார்த்து, குறைகளைத் திருத்தி, பிறகு விரிவாக்குவதே முறை. இதை முன்னோட்டம் என்கிறோம்.

முன்னோட்டத்துக்கு யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதில்தான் சூட்சுமம். கணினி அறிவியல் புலத்தில் நடத்தினால் எல்லாம் வெற்றிதான். மாணவர்களும் விரிவுரையாளர்களும் தாங்களே சிக்கலைத் தீர்த்துக்கொள்வார்கள். வளாகத்து வைஃபையில் நடத்தினாலும் அப்படித்தான். அந்த வெற்றி, சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் ஒரு கோடு அலைவரிசையுடன் உட்கார்ந்திருக்கும் மாணவருக்கு எதுவும் சொல்லாது. முன்னோட்டக் குழுவில் கலைப்புல மாணவர்களும், கைப்பேசி மட்டும் வைத்திருப்பவர்களும், கண்பார்வை குறைந்தவர்களும், வேலை செய்துகொண்டே படிப்பவர்களும் இருக்க வேண்டும். பருவ விடுமுறையில் அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கும்போது அங்கிருந்தே ஒரு புதிரை எழுதச் சொல்லிப் பார்க்க வேண்டும். கம்பியின் கடைசி முனையில் நின்று பார்த்தால்தான் தளத்தின் உண்மையான வேகம் தெரியும்.

அடுத்தது சுமைச் சோதனை. 20,000 மாணவர்கள் உள்ள பல்கலைக்கழகம் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண நாளில் ஒரே நேரத்தில் சில நூறு பேர் உள்ளே இருப்பார்கள். வெள்ளிக்கிழமை இரவு 11.50 மணிக்கு ஆயிரக்கணக்கானோர் ஒரே சமயத்தில் கோப்புகளைத் தள்ளுவார்கள். பெருநாளுக்கு முதல் நாள் நெடுஞ்சாலை மாதிரிதான் இது. சாலையை அகலப்படுத்துவது ஒரு வழி. புலத்துக்குப் புலம் கெடு நேரத்தை மாற்றி வைப்பது இன்னொரு வழி. இரண்டாவதற்குச் செலவில்லை. ஆனால், புலத் தலைவர்கள் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.

தளமோ இணையமோ தடைபட்டால் என்ன செய்வது என்ற விதியும் தேர்வுக்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை நிமிடம் தடைபட்டால் கூடுதல் நேரம்? எந்த எண்ணுக்கு அழைப்பது? என்ன சான்று தேவை? தடை வந்த பிறகு விதி எழுதினால், நன்றாகப் பேசத் தெரிந்த மாணவருக்கு ஒரு நீதியும் கூச்சப்பட்டு ஒதுங்கும் மாணவருக்கு வேறொரு நீதியும் கிடைத்துவிடும்.

விரிவுரையாளரும் மாணவரே

புதிய தளத்தை மாணவர்கள் சில நாள்களில் பழகிவிடுவார்கள். விரிவுரையாளர்களுக்குத்தான் நேரம் தேவை. ஒரு மண்டபத்தில் இருநூறு பேரை உட்காரவைத்து இரண்டு மணி நேரம் திரையில் காட்டுவது பயிற்சி ஆகாது. ஒவ்வொருவரும் தம் சொந்தப் பாடத்தின் முதல் வாரத்தைத் தளத்தில் அமைத்து முடித்துவிட்டு எழுந்தால்தான் அது பயிற்சி. அதற்கு ஒதுக்கும் நேரத்தை அவர்களின் பணி நேரத்தில் கணக்கிட வேண்டும். இல்லாவிட்டால் தளம் பிடிஎஃப் கோப்புகளைக் கொட்டிவைக்கும் கிடங்காகிவிடும்.

எல்லாப் பாட அறைகளும் ஒரே அமைப்பில் இருப்பதும் முக்கியம். ஒரு பாடத்தில் இடுபணி மேலே, இன்னொன்றில் கீழே, மற்றொன்றில் வேறொரு பக்கத்துக்குள் என்று இருந்தால், மாணவர் படிக்கும் நேரத்தைத் தேடுவதில் செலவழிப்பார். கைப்பேசியின் சிறு திரையில் அந்தத் தேடல் இன்னும் கடினம்.

பழைய தளத்தை நிறுத்தும் நாளையும் யோசித்துக் குறிக்க வேண்டும். பருவத்தின் நடுவில் மாற்றக் கூடாது. நீண்ட விடுமுறையில் மாற்றி, பழைய தளத்தைப் படிப்பதற்கு மட்டும் ஒரு பருவமாவது திறந்து வைத்திருக்க வேண்டும்.

தமிழ்ப் பாடங்களுக்கு வரும் தனிச் சிக்கல்

மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956இலிருந்து இயங்கி வருகிறது. சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழாசிரியர்கள் உருவாகிறார்கள். இத்தகைய துறைகளின் குறிப்புகள் புதிய தளத்துக்குப் போகும்போது மற்றத் துறைகளுக்கு வராத சிக்கல்கள் வருகின்றன.

முதலாவது எழுத்துரு. பல ஆண்டுகளுக்கு முன் தட்டச்சு செய்த குறிப்புகள் பல, யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருக்களில் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கைப்பேசியில் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறிகளும் குவிந்து கிடக்கும். இவற்றை யூனிகோடுக்கு மாற்றி, பிழை பார்த்து, பிறகு ஏற்ற வேண்டும். முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறனின் நாட்டில் தமிழ்த் தட்டச்சுக்கு வழி தெரியாமல் இல்லை. மாற்றுவதற்கு ஆளும் மணிநேரமும் ஒதுக்கப்படுகிறதா என்பதே கேள்வி.

இரண்டாவது, கணினியே திருத்தும் சிறுவினாக்கள். 'கொ' என்ற எழுத்தைக் கணினியில் இரு விதமாகப் பதிவு செய்ய முடியும். ஒரே உயிர்மெய்க் குறியாகவும் பதியலாம். கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறாகத் தெரியக்கூடும். விரிவுரையாளர் ஒரு விசைப்பலகையில் விடையைப் பதிந்து, மாணவர் வேறொன்றில் சரியான விடையை எழுதினால், தளம் அதைத் தவறு என்று சொல்லிவிட வாய்ப்புண்டு. தமிழ்ப் புதிர்களை முன்னோட்டத்திலேயே பலவகைக் கைப்பேசிகளில் எழுதிப் பார்த்தால் இது தெரிந்துவிடும். தமிழ்த் துறை அந்த முன்னோட்டக் குழுவில் இருக்க வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது.

குடும்பங்கள் என்ன செய்யலாம்?

பல்கலைக்கழகத்தின் திட்டத்தை நாம் எழுத முடியாது. ஆனால் கேள்வி கேட்கலாம். அறிமுக நாளில் பெற்றோருக்கும் மாணவருக்கும் பேச வாய்ப்புக் கிடைக்கும்போது இவற்றைக் கேட்டுப் பாருங்கள்:

1. கற்றல் தளத்தைக் கைப்பேசியில் மட்டும் பயன்படுத்திப் பாடத்தை முடிக்க முடியுமா? எந்தப் பணிக்குக் கண்டிப்பாகக் கணினி தேவை?

2. நேரடி இயங்கலை வகுப்பைத் தவறவிட்டால் அதன் பதிவு கிடைக்குமா? குறைந்த தரவில் பார்க்க வழி உண்டா?

3. இணையம் தடைபட்டால் தேர்வுக்கும் இடுபணிக்கும் என்ன விதி? அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

4. உதவிக்கு எந்த எண்? இரவிலும் வாரக் கடைசியிலும் எடுப்பார்களா?

5. கடனுதவி தாமதமானால் தளத்தில் நுழைவதற்குத் தடை வருமா?

வீட்டுப் பக்கமும் சில ஏற்பாடுகள் செய்துகொள்ளலாம். பருவம் தொடங்கும் முன்பே வீட்டின் எந்த மூலையில், எந்த நிறுவனத்தின் சிம் அட்டைக்கு அலைவரிசை நன்றாக வருகிறது என்று பார்த்து வையுங்கள். 3ஜி சேவை 2021 இறுதியோடு நிறுத்தப்பட்டுவிட்டதால், பழைய கைப்பேசி 4ஜி எடுக்குமா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அருகில் நாடி எனப்படும் சமூக இணைய மையம் இருக்கிறதா, அது எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று கேட்டு வையுங்கள். தேர்வு நாளில் வீட்டில் மற்றவர்கள் காணொளி பார்ப்பதைச் சற்று நிறுத்திவைத்தால் அதுவே பெரிய உதவி.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இடுபணியை அனுப்பியதும், 'பெறப்பட்டது' என்ற திரையை நேரத்தோடு படம் பிடித்து வையுங்கள். கெடுவுக்கு ஒரு நாள் முன்பே அனுப்பப் பழகுங்கள். தடை ஏற்பட்டால் அப்போதே மின்னஞ்சலில் தெரிவியுங்கள். மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். புகார் சொன்னால் விரிவுரையாளர் தவறாக நினைப்பாரோ என்ற தயக்கம் நம் பிள்ளைகள் பலருக்கு உண்டு. கேட்காத சிக்கலை யாரும் தீர்க்க மாட்டார்கள். ஒருவர் சொன்னால் தனிப்பட்ட குறை என்பார்கள். அதே குறையை இருபது பேர் எழுத்தில் சொன்னால் அடுத்த பருவத்துத் திட்டத்தில் அது இடம்பெறும். இந்தியர் மாணவர் சங்கங்கள் முதல் வாரத்திலேயே புதிய மாணவர்களிடம் இந்த விவரங்களைத் திரட்டி, புலத்திடம் ஒரே கடிதமாகக் கொடுக்கலாம்.

கற்றல் தளத்துக்குப் பல்கலைக்கழகம் எவ்வளவு செலவழித்தது என்பது அறிக்கையில் வரும். அது சரியாகத் திட்டமிடப்பட்டதா என்பதற்கு வேறு அளவுகோல் தேவையில்லை. வளாகத்திலிருந்து மிகத் தொலைவில், மிக மெதுவான இணையத்தில் இருக்கும் மாணவரும் மற்றவர்களைப் போலவே கெடுவுக்குள் தம் இடுபணியை அனுப்ப முடிகிறதா என்று பார்த்தால் போதும்.